கூல் லிப் பையனுக்கு முதலில் வந்தது கோபமா, போதையா?

கரும்பலகை: எங்கள் பள்ளியில் உதட்டுக்குள் கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலத்தை அடக்கிவைத்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் மாட்டினான். கேட்டதும் பெஞ்சைத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். "உணர்ச்சியைக் கையாளத் தெரியாததுதான் மூலகாரணம்" என்கிறார் கவுன்சிலர். நான் ஏற்கமாட்டேன். உடம்பில் நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலையில் போட்டவன் மூன்றாவது பீரியடில் எரிந்து விழத்தான் செய்வான். பொருளை நிறுத்துங்கள், கோபம் தானாக அடங்கும்.

மருதாணி: பாதி சரி சார். ஆனால் வாயில் வைத்துப் பார்க்கிற எல்லாருமா மாட்டிக்கொள்கிறார்கள்? நான் போதை மீட்பு மையத்தில் வேலை பார்க்கிறேன். எப்போது போடத் தோன்றும் என்று கேட்டால் "கடுப்பானா போடுவேன்" என்பார்கள். தோண்டினால் அப்பா அடித்திருப்பார், இல்லையென்றால் வகுப்பில் யாரோ அவமானப்படுத்தியிருப்பார்கள். வந்தது பயமா, வெட்கமா, கோபமா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. உடனே அமுக்க ஏதாவது வேண்டும். இதைப் பிடுங்கினால் வலி மாத்திரைக்கோ முகர்கிற பசைக்கோ போவான்.

கரும்பலகை: அடி வாங்காத வீட்டுப் பிள்ளையும் போடுகிறானே? பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. சிறுவர்களுக்குக் கொடுத்தால் 2015 சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. ஆனாலும் கிடைக்கிறது. விற்கிறவனை விட்டுவிட்டுப் பையனுக்கு மூச்சுப் பயிற்சியா? ஐஸ்லாந்தில் 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியவர்கள். 2016-ல் அது 5 சதவீதம். கட்டுப்பாடுதான் சார் வேலை செய்யும்.

ஊர்க்குருவி: ஐஸ்லாந்து உங்களுக்கு எதிர்ச்சாட்சி. இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றத் தடை போட்டது உண்மைதான். ஆனால் அங்கே ஆலோசனை சொன்ன அமெரிக்க உளவியலாளர் ஹார்வி மில்க்மன் பேசியதே வேறு. சிலர் பதற்றத்தை மழுங்கடிக்கப் போதையை நாடுகிறார்கள், சிலர் கிளர்ச்சிக்காக. அதையே விளையாட்டிலும் நடனத்திலும் இசையிலும் கிடைக்கச் செய்யலாம் என்றார். ரெய்க்யவிக் நகராட்சி அந்த வகுப்புகளுக்குப் பணமும் கொடுத்தது. நம் ஊரில் பத்தாவது வந்தாலே பி.டி. பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும்.

கரும்பலகை: நான் கணக்கு வாத்தியார்தான். அந்தப் பீரியடைக் கேட்டு வாங்கிக் கொடுத்ததே பெற்றோர்கள். விளையாட்டு வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? கடையை மறக்காதீர்கள் என்கிறேன்.

மருதாணி: மறக்கவில்லை சார். கடையை மூட வருஷக்கணக்காகும், பையனுக்கு நாளைக்கும் பள்ளிக்கூடம் உண்டு. உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி என்கிற, உணர்ச்சியைக் கையாளப் பழக்கும் மனநல சிகிச்சையில், உணர்ச்சி வேகம் ஏறும்போது குளிர்ந்த தண்ணீரில் முகத்தை வைப்பது, கொஞ்ச நேரம் வேகமாக ஓடுவது என்றெல்லாம் பழக்குவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த உந்துதல் ஏறி இறங்கும் வரை தாக்குப்பிடிக்க உதவும். மூன்றாவது பீரியடில் எரிச்சல் வரும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்போது தண்ணீர்த் தொட்டி வரை போய்வர விடுவீர்களா?

கரும்பலகை: விடலாம். தொட்டியை ஒட்டித்தான் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கடை.