இப்போ கையில் என்ன புத்தகம்? குமரி வாசகர்களின் அனுபவப் பகிர்வு

கருங்கல் பக்கத்திலிருந்து:

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ வாசிச்சிட்டிருக்கேன். 1964இல் வந்த நாவல். காலேஜ்ல படிக்கும்போது ஒருமுறை பரீட்சைக்காகப் புரட்டினது. இப்போ வாசிக்கிறது முழுக்க வேற மாதிரி இருக்கு. காரணம், பக்கத்துல மாமி இருக்காங்க.

மாமிக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. அதனால ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் நான் சத்தமா வாசிப்பேன், அவங்க கட்டில்ல சாய்ஞ்சு கேப்பாங்க. மாமிக்க அப்பா பனையேறி. மாமி பல வருஷம் அண்டியாபீஸ்ல முந்திரி உடைச்சவங்க. தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு அவங்க விரல் நுனியெல்லாம் தோல் தடிச்சுக் கிடக்கு. கதைப் புத்தகம்னு ஒண்ணைக் கேட்டு உட்காருறது அவங்களுக்கு இதுதான் முதல் தடவை.

நாவல்ல பனைவிளைன்னு ஊர். லிஸி பெரிய வீட்டுப் பிள்ளை, தங்கராஜ் பனையேறியின் மகன். ரெண்டு பேருக்கும் சாதி ஒண்ணு, கோயில் ஒண்ணு, ஆனா நடுவுல பனை உயரத்துக்கு ஒரு மதில். பனையேற்று வர்ற இடத்துல மாமி கையைத் தூக்கி, “நிறுத்து பிள்ளே”ன்னாங்க. எழுந்து உட்கார்ந்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, “எனக்க அப்பனுக்கு இங்கின பூரா காய்ச்சிருக்கும். மரத்தை அணைச்சு அணைச்சு வந்த காய்ப்பு. அம்ம வெளிச்செண்ணெய லேசா சூடாக்கித் தடவிக் குடுப்பா”ன்னாங்க. விடிலில, அதான் பனையோலைக் குடிசையில, அக்கானி (பதநீர்) காய்ச்சுறப்ப பொங்காம இருக்க அம்மா பக்கத்துலயே காவல் இருந்தது, அந்தப் புகையில அம்மாவுக்க கண்ணு எப்பவும் சிவந்தே இருந்தது, எல்லாம் வந்துச்சு. அன்னைக்கு அதுக்கு மேல ஒரு பக்கம்கூட வாசிக்கல.

பெரிய பிள்ளை ஆனதும் லிஸியோட படிப்பை நிறுத்தி வீட்டுக்குள்ள வெச்சிடுறாங்க. அந்தப் பகுதியை வாசிச்சப்ப மாமி ஒண்ணும் பேசல. மறுநாள் அடுக்களையில தேங்கா துருவிட்டிருக்கும்போது தானா சொன்னாங்க: “எனக்கும் ஏழாங்கிளாசோட நிறுத்திப்போட்டாவ. டீச்சர் வீட்டுக்கு வந்து கேட்டு நின்னாவ. அப்பன் தலையத் தூக்கவே இல்ல.” இவ்வளவு காலம் ஒரே வீட்டுல இருந்தும் எனக்கு இது தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

இந்த நாவலைப் பத்திப் பேசுறவங்க விளவங்கோட்டுப் பேச்சு அதில் எவ்வளவு அழகா வந்திருக்குன்னு சொல்லுவாங்க. வந்திருக்கு, சந்தேகமே இல்லை. ஆனா எனக்கு அதைவிடப் பெருசாத் தெரியுறது, ஒரு பெண்ணோட வயசு நாலு சுவருக்குள்ள சத்தமில்லாமக் கரையிறதை அந்த அம்மா எழுதியிருக்கிற விதம். ஒரு வரிகூடக் குரலை உயர்த்தல. இன்னும் கால்வாசி பாக்கி இருக்கு. “அந்தப் பெட்டைக்குக் கடைசியில என்ன ஆவும்னு இப்ப சொல்லப்பிடாது”ன்னு மாமி கண்டிச்சு சொல்லியிருக்காங்க.

உங்க கையில இப்போ என்ன இருக்கு? சொல்லுங்க.

தேங்காப்பட்டணத்துக்காரர், இப்போது தம்மாமில்:

அக்கா, நான் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ வாசிக்கிறேன். 1988இல் வந்தது. எங்க ஊர்க்காரர் எழுதினதை ஊரை விட்டு வந்த பிறகுதான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை லீவு அன்னைக்கு மட்டும்தான் வாசிக்க முடியும்.

என் ரூம்ல இருக்கிறவர் கேரளாவுல பூவாறுக்காரர், தமிழ் வாசிக்கத் தெரியாது. சில பக்கங்களைச் சத்தமா வாசிச்சேன். ஒரு இடத்துலகூட என்னன்னு கேட்கல. வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளி ஊரையே கைக்குள்ள வெச்சிருக்கிறதும், இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாதுன்னு மறிக்கிறதும் வந்தப்ப, “எங்க ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருந்தார்”னு எழுந்து நடக்க ஆரம்பிச்சுட்டார். மீரான் சொந்த சமுதாயத்தைச் செல்லம் கொடுத்து எழுதல. ஆனா அந்த முதலாளியோட குடும்பம் சரியுறப்ப நமக்கு நெஞ்சு வலிக்குது. கோபத்தையும் பிரியத்தையும் சேர்த்து வெச்சு எழுத எவ்வளவு தைரியம் வேணும்! அவரோட ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்குத்தான் 1997இல் சாகித்ய அகாதமி கிடைச்சுது. எனக்கு இதுதான் ஒரு படி மேல. அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது ‘துறைமுகம்’ வாங்கணும்.

நாகர்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்ற ஒருவர்:

ரெண்டு பேரும் நல்லா எழுதியிருக்கீங்க. நான் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யைத் திரும்ப எடுத்திருக்கேன். 1966இல் வந்த புத்தகம், இன்னைய பேப்பர் மாதிரி இருக்கு. தாமோதர ஆசான் கதை சொல்ல ஆரம்பிச்சா சுத்தி இருக்கிறவங்களுக்கு நேரம் போறதே தெரியாது. அந்த ஆசானுக்காகவே எத்தனை தடவை வேணும்னாலும் வாசிக்கலாம். குளத்தை மூடின கதையும், காற்றாடி மரத்தோப்பை வெட்டிப் பூங்கா வைக்கிற பகுதியும் வரும்போது நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டு வெளியே வந்து நின்னுடுவேன். நாற்கரச் சாலைக்காகக் குளத்துல மண்ணைத் தட்டினதைக் கண்ணால பார்த்தவங்க நாம. தோப்பு போனா காத்து போகும், குளம் போனா கிணறு போகும்னு அந்தப் புத்தகம் பிரசங்கம் பண்ணல. யார் யார் எதுக்காக ஆசைப்பட்டாங்கன்னு மட்டும் காட்டுது.

இன்னொண்ணையும் சொல்லணும். என் மகனுக்குப் பெண் பார்த்துக்கிட்டிருக்கோம். நாஞ்சில் நாடனோட ‘தலைகீழ் விகிதங்கள்’ 1977இல் வந்தது, வீட்டு அலமாரியில எப்பவும் உண்டு. தங்கர் பச்சான் 2002இல் ‘சொல்ல மறந்த கதை’ன்னு படமா எடுத்தது அதைத்தான். வேலையில்லாத பட்டதாரி சிவதாணு வசதியான வீட்டுல பெண் கட்டி, மாமனார் வீட்டுல மரியாதையை ஒவ்வொரு நாளா இழக்கிற கதை. மகன் அதை ரெண்டே நாள்ல வாசிச்சு முடிச்சுட்டு, தரகர் வந்து பவுன் கணக்கும் ரொக்கமும் பேசிக்கிட்டிருந்தப்ப நடுவுல வந்து, “அப்பா, எனக்கு ஸ்திரீதனம் ஒண்ணும் வேண்டாம், இந்தப் பேச்சை இதோட விடுங்க”ன்னான். தரகர் என்னைப் பார்த்தார். “அவன் சொன்னதுதான் எனக்கும்”னு சொல்லிட்டேன். நம்ம மாவட்டத்துல இந்த ஸ்திரீதனம் எத்தனை வீட்டை அழிச்சிருக்குன்னு நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

வள்ளவிளையிலிருந்து:

கடல் பக்கத்துலேர்ந்து நானும் சொல்றேன். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ வாசிக்கிறேன். 2004இல் வந்த நாவல். அது நம்ம மாவட்டம் இல்லை, கிழக்கே பரதவர் ஊரான ஆமந்துறையின் கதை. 1933லேர்ந்து 1985 வரைக்கும் போகுது. கட்டுமரம் உடைஞ்சு மூணு பேர் நடுக்கடல்ல மிதக்கிறது இடையிடையே வந்துக்கிட்டே இருக்கும். கரையில் அம்பது வருஷக் கதை ஓடிக்கிட்டிருக்கும், திடீர்னு திரும்பவும் அந்த மூணு பேர், அதே தண்ணி, அதே தாகம்.

2017 நவம்பர் 30க்குப் பிறகு எங்க ஊர்ல யாரும் ஒக்கி புயலைப் பத்திச் சும்மா உட்கார்ந்து பேச மாட்டாங்க. எங்க சித்தப்பா திரும்பி வரல. அப்பா வேற விசைப்படகுல போயிருந்தார், கரை சேர்ந்தார். என்ன நடந்துச்சுன்னு அம்மாகிட்டகூடச் சொன்னதில்லை. இந்தப் புத்தகத்தை நான் ஜன்னல் திண்டுல வெச்சுட்டு வேலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தா அப்பா திண்ணையில உட்கார்ந்து வாசிக்கிறார். பேப்பரைத் தவிர வேற எதையும் அவர் வாசிச்சு நான் பார்த்ததில்லை. மிதக்கிற பகுதிகளை மட்டும் தேடித் தேடி எடுத்து, அந்தப் பக்கங்கள்ல வலை நூலை அடையாளமா வெச்சிருந்தார். நீல நைலான் நூல், பல்லால கடிச்சு அறுத்த துண்டு.

ராத்திரி அவரே பேசினார். அலையில ஒருத்தனோட கை நழுவுறப்ப மத்தவன் என்ன செய்வான்னு எழுதினவர் தெரிஞ்சு எழுதியிருக்கார்னார். அப்புறம் சித்தப்பா பேரைச் சொன்னார். அன்னைக்கு ரேடியோல கடைசியா சித்தப்பா என்ன பேசினார்னு சொன்னார். அதை நான் இங்க எழுதப் போறதில்லை, அது எங்க வீட்டுக்குள்ள இருக்கட்டும். அம்மா அடுக்களை வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

கடல்காரங்க கதைன்னாலே வெளியில எல்லாருக்கும் ‘செம்மீன்’தான் ஞாபகம் வருது. தகழி பெரிய எழுத்தாளர், சுந்தர ராமசாமி அதைத் தமிழுக்கு அருமையாகக் கொண்டு வந்தார், ரெண்டையும் மதிக்கிறேன். ஆனா கரையில இருக்கிற பெண்ணோட ஒழுக்கம்தான் கடல்ல இருக்கிற ஆணைக் காக்குதுன்னு சொல்ற அந்த நம்பிக்கையை, ஒக்கியில புருஷனை இழந்த ஒரு பெண்கிட்ட போய் யாரும் சொல்ல முடியாது. எங்க ஊர்ல அப்படிப்பட்ட பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்காங்க. அவங்களுக்கு அன்னைக்கு வேண்டியிருந்தது நேரத்தோட ஒரு எச்சரிக்கை. கடலுக்குள்ள இருந்து வந்தவர் எழுதின கடலை வாசிங்க.

தோவாளையிலிருந்து, கல்லூரி மாணவி:

மலர்வதியின் ‘தூப்புக்காரி’. 2012இல் சாகித்ய அகாதமியோட யுவ புரஸ்கார் வாங்கின நாவல், எழுதினவங்க நம்ம மாவட்டம். துப்புரவு வேலை செய்யுற அம்மாவும் மகளும். நாத்தத்தை மறைக்காம எழுதியிருக்காங்க. வாசிச்சு முடிச்ச மறுநாள் எங்க ஹாஸ்டல்ல பாத்ரூம் கழுவுற அக்காகிட்டப் போய்ப் பேர் கேட்டேன். சொன்னாங்க. அவங்களுக்குக் கையுறை கிடையாதுன்னு அப்போதான் கவனிச்சேன். நாங்க அஞ்சு பேர் சேர்ந்து வார்டன்கிட்ட எழுதிக் குடுத்திருக்கோம். இன்னும் பதில் வரல, விடமாட்டோம்.

வள்ளவிளை அண்ணா, உங்க அப்பாவைப் பத்தி எழுதினதுக்கு நன்றி.

கருங்கல் பக்கத்திலிருந்து, மறுபடி:

எல்லாத்தையும் மாமிக்கு வாசிச்சுக் காட்டினேன். அண்ணாச்சி, உங்க மகனுக்கு மாமி வாழ்த்துச் சொல்லச் சொன்னாங்க. தம்பி, உங்க அம்மாவுக்கு என்ன சொல்லணும்னு அவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

அடுத்து நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ எடுக்கலாம்னு இருக்கேன். 1968இல் வந்தது, இரணியல் செட்டிமார் வீட்டுக் கதை. அந்த நாகுவைப் பொய்ப்பழி சொல்லித் தாய் வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு கேட்டதுலேர்ந்து மாமிக்கு அவசரம். எங்க ஊர் நூலகத்துல பிரதி இல்லை. இரணியல், திங்கள்சந்தை பக்கம் யார்கிட்டயாவது இருந்தா ஒரு மாசத்துக்குத் தருவீங்களா? பதிலுக்கு ‘புத்தம் வீடு’ தர்றேன், மாமி முடிச்சதும்.