சப்போரோ (வட ஜப்பான்): ஜனவரி கேஸ் பில் 24,000 யென்! எப்படிக் குறைக்கிறது?

புதுமாணவன்: அவசரம். ஒரு ரூம் அப்பார்ட்மென்ட். கேஸ் பில்லுக்கு மட்டும் 24,000 யென் போகுது. ராத்திரி ஹீட்டரை அணைச்சுட்டுப் படுக்கலாமா?

நிலவொளி: ஹீட்டர் கேஸ்ல ஓடுதா, மண்ணெண்ணெய்லயா? டவுன் கேஸா (ஊர்க் குழாய்ல வர்றது), எல்பியா (சிலிண்டர்ல வர்றது)? வெளிச்சுவர் ஓரம் சாம்பல் நிற சிலிண்டர் நிக்குதா? பில்லுல எத்தனை கன மீட்டர்?

குளிர்கோட்டை: எனக்கு ஜன்னல் மேலதான் சந்தேகம். அங்க ரெட்டை ஜன்னல். உள்ஜன்னலைக் கொக்கி விழுற வரைக்கும் சாத்தலைன்னா சூடு நிக்காது. விளிம்புல கை வச்சுப் பாருங்க.

மூத்தபதிவர்: வீடு பார்க்கும்போதே கேட்டிருக்க வேண்டும் தம்பி. எல்பி விலையை விநியோகிப்பவரே வைப்பார். கம்பெனியை மாற்றுவது வீட்டு உரிமையாளர் கையில். இதைப் பலமுறை எழுதியாகிவிட்டது, தேடிப் படியுங்கள்.

நிலவொளி: திட்டினா பில் குறையாது சார்.

புதுமாணவன்: சிலிண்டர் இருக்கு. 31 கன மீட்டர். ஹீட்டர், வெந்நீர் ரெண்டும் கேஸ்தான்.

நிலவொளி: அப்போ எல்பி. அடிப்படைக் கட்டணம் 2,000னு வச்சா, கன மீட்டர் சுமார் 710 யென். டவுன் கேஸ் விலையோட நேரா ஒப்பிடாதீங்க. எல்பி கன மீட்டருக்கு 99 மெகாஜூல் சூடு தரும், டவுன் கேஸ் 45தான். 10 நிமிஷ ஷவர்னா 100 லிட்டர். 5 டிகிரி தண்ணியை 40க்கு ஏத்த 0.18 கன மீட்டர், 130 யென். தினமும் குளிச்சாலும் மாசம் 4,000 தாண்டாது. மிச்சமெல்லாம் ஹீட்டர் தின்னுது.

குளிர்கோட்டை: மண்ணெண்ணெய்க்கு மாறுங்க. 18 லிட்டர் கேன்ல இருக்கிற சூடு எல்பியில 6.7 கன மீட்டர், உங்க விலைக்கு 4,700 யென். லிட்டர் 120னா கேன் 2,160தான்.

மூத்தபதிவர்: ஒப்பந்தத்தைப் படிக்காமல் வாங்கச் சொல்லாதீர்கள். பல கட்டடங்களில் புகைக்குழாய் இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டருக்குத் தடை. அனுமதி இருந்தாலும் மணிக்கொரு முறை ஜன்னலைத் திறந்து காற்று மாற்ற வேண்டும். இல்லையேல் கார்பன் மோனாக்சைடு.

குளிர்கோட்டை: சரி. ராத்திரி ஹீட்டரை அணைச்சா மிசுநுகி, அதாவது குழாய்த் தண்ணியை வடிக்கிறது, கட்டாயம்.

நிலவொளி: தினமும் எதுக்கு? மைனஸ் 4க்குக் கீழே போற ராத்திரி, பகல்லயும் பூஜ்யத்தைத் தாண்டாத நாள், ஊருக்குப் போறப்போ, அவ்வளவுதான்.

குளிர்கோட்டை: ஜனவரியில பாதிக்கு மேல ராத்திரி அப்படித்தானே! வடிப்பு வால்வைத் திருப்பி, எல்லாக் குழாயையும் திறந்து காத்து உள்ளே போக விடணும். காத்து போகலைன்னா தண்ணி குழாய்லயே நின்னு உறைஞ்சு வெடிக்கும். டாய்லெட் தொட்டியையும் ஃப்ளஷ் பண்ணிக் காலி பண்ணணும்.

மூத்தபதிவர்: முழுக்க அணைப்பதைவிடக் குறைந்த சூட்டில் விடலாம்.

நிலவொளி: எல்பியில அதுவும் காசுதான். அணைச்சு, வடிச்சுட்டுப் படுக்கிறதுதான் மிச்சம்.

புதுமாணவன்: ஒப்பந்தத்துல மண்ணெண்ணெய்க்குத் தடை. உள்ஜன்னல் கொக்கி விழாமத்தான் இருந்துச்சு, மாட்டிட்டேன். வால்வு சமையல் மேடைக்குக் கீழே இருக்கு. நன்றி.

குளிர்கோட்டை: வெந்நீர் பாய்லர்லயும் வடிப்புத் திருகு இருக்கும், பார்த்தீங்களா?