செங்கோட்டை இணைப்பு: பலகையில் எழுத வேண்டியது என்ன?

சாரல்காற்று:
செங்கோட்டை இணைந்த நாளான நவம்பர் 1 அன்று வாசகசாலையில் மாட்ட ஒரு பலகை தயாராகிறது. இப்போதைக்கு எழுதியிருப்பது: "1956இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலிருந்து பிரிந்து, செங்கோட்டை தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தோடு இணைந்தது." இது சரியா? பக்கத்தில் ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகலும் வைக்கிறோம். அதில் தேதி "1125 மகரம் 10". ஆங்கிலத் தேதி எப்படிக் கண்டுபிடிப்பது?

பொருநைக்கரை:
அண்ணாச்சி, அந்த ஒரு வரியில் மூன்று பிழை இருக்கு. பெயின்ட் அடிக்கும் முன்னே கேட்டது நல்லதாப் போச்சு.

1956இல் சமஸ்தானமே கிடையாது. 1949 ஜூலை 1 அன்றே திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிவிட்டன. செங்கோட்டை பிரிந்தது திரு-கொச்சி மாநிலத்தின் கொல்லம் மாவட்டத்திலிருந்து. சேர்ந்தது சென்னை மாநிலத்தில். தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயருக்காக 76 நாள் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் உயிர்விட்டது 1956 அக்டோபர் 13, இணைப்புக்குச் சரியாகப் பத்தொன்பது நாள் முன்னே. பலகையில் இடமிருந்தால் அவரையும் சேருங்க, விட்டுராதீங்க.

மூன்றாவது, மாவட்டம். மாநில மறுசீரமைப்புச் சட்டத்தில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தனியாகக் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை மட்டும் திருநெல்வேலியோடு வந்தது. தென்காசி மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பர் 22.

பஞ்சாங்கப்பிரியன்:
பத்திரத்தில் இருப்பது கொல்லம் ஆண்டு. நம்ம பக்கத்துப் பழைய ஜாதகங்களிலும் இதைப் பார்க்கலாம். எல்லாத்துக்கும் 825 கூட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. கொல்லம் ஆண்டு சித்திரையில் பிறப்பதில்லை, சிங்ஙம் 1இல், அதாவது நம்ம ஆவணி முதல் தேதியில் பிறக்கும். அதனால் சிங்ஙம் முதல் தனு (மார்கழி) பாதி வரை 824 கூட்டணும். ஜனவரி பிறந்ததிலிருந்து கர்க்கடகம் (ஆடி) முடிய 825.

உங்க பத்திரம் மகரம், அதாவது தை. 1125 + 825 = 1950. மகரம் 1 ஜனவரி 14 வாக்கில் வரும். எனவே 10ஆம் தேதி ஜனவரி 23 வாக்கில். அதே பத்திரத்தில் "1125 துலாம்" என்று இருந்தால் 1949 அக்டோபர்-நவம்பர் ஆகியிருக்கும். தனு மாதத் தேதி என்றால் ரொம்பக் கவனம், 16, 17 தேதிவாக்கில் ஆங்கில வருஷம் மாறிவிடும். ஒருநாள் முன்னே பின்னே போகும் என்பதால் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகே தேதியை எழுதுங்க.

இணைப்பு நாளே கொல்லம் கணக்கில் 1132 துலாம். 1132 + 824 = 1956, பொருந்துது பாருங்க.

சாரல்காற்று:
ரொம்ப நன்றி. ஆட்கள் பற்றி? நேசமணி படம் மட்டும் போதுமா?

பொருநைக்கரை:
மார்ஷல் நேசமணி கட்டாயம் வேணும். பள்ளியாடியில் பிறந்தவர், வழக்கறிஞர், தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் முகம். ஆனால் படத்தோடு நிறுத்தினால் போராட்டத்தின் ரத்தம் மறைஞ்சிரும். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் தமிழர்கள் மாண்டார்கள். அப்போது திரு-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட். அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, சொந்த ஆட்சியையே பதவி விலகச் சொன்னார். அது சின்ன விஷயமில்லை.

வரைபடம் போட்டால் இன்னொன்று: கேட்டது ஒன்பது தாலுகா, கிடைத்தது ஐந்து. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் நான்கும் வரலை. அவற்றுக்கு வேறு நிறம் கொடுங்க. ஆரியங்காவு இன்னைக்கும் கேரளத்தில்தான். எல்லை ஊரான புளியரையைத் தாண்டிக் கோடு போடும்போது கை சறுக்கும்.