ஒப்புகையா, கண்டேனா?

குழுவினருக்கு வணக்கம்.

செயற்கைக்கோள் கட்டுப்பாட்டுத் திரைகளின் வடிவமைப்பு பற்றிய பாடக் குறிப்பைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இடைமுகம், தொலையளவை, தொலைக்கட்டளை எல்லாம் சரி. ஒரு பொத்தானில் மட்டும் நிற்கிறேன். பேட்டரியின் வெப்பநிலை வரம்பைத் தாண்டினால் அந்த வரி சிவந்து சிமிட்டும், ஒலியும் எழும். பணியில் இருப்பவர் 'அக்னாலெட்ஜ்' பொத்தானை அழுத்தினால் ஒலியும் சிமிட்டலும் நிற்கும். வெப்பநிலை வரம்புக்குள் திரும்பும்வரை சிவப்பு இருக்கும். 'ஒப்புகை' என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

———

'ஒப்புகை' வேண்டாம். எச்சரிக்கைக்கு யாரும் இசைவு தருவதில்லை, பார்த்துவிட்டேன் என்கிறார், அவ்வளவுதான். 'ஒப்புக்கு' என்ற வழக்கும் சேர்ந்து காதில் விழுகிறது. பார்க்காமலே ஒப்புக்கு அழுத்திவிடுவதுதானே இந்தப் பொத்தானில் உள்ள ஆபத்து?

இன்னொன்று. கட்டளை வந்து சேர்ந்ததும் செயற்கைக்கோள் அனுப்பும் மறுமொழிக்கும் இதே ஆங்கிலச் சொல்தான். கட்டளையை ஏற்றது வேறு, செய்து முடித்தது வேறு. 1979-இல் திரீ மைல் ஐலண்டு அணு உலையில் விளக்கு அணைந்ததைப் பார்த்து வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். அந்த விளக்கு காட்டியது மூடும் சைகை போனதை மட்டுமே. வால்வு திறந்தே கிடந்தது. ஆகவே செயற்கைக்கோளுக்கு 'ஏற்பு', 'நிறைவேற்றம்' என்று இரண்டு சொல் வேண்டும். மனிதருக்குக் 'கண்டேன்'.

———

ஐயா, 'கண்டேன்' வினைமுற்று. கலைச்சொல் பெயராக இருந்தால்தான் வேற்றுமை ஏற்கும். 'கண்டேனை அழுத்துக' என்று எழுதுவதா? 'ஒப்பு' வெறும் இசைவும் அல்ல. ஒத்தல், ஒப்புமை, ஒப்பனை, ஒப்புரவு, ஒப்பாரி வரை ஒரே வேர். ஒன்றை இன்னொன்றின் அருகே வைத்துப் பார்ப்பதே அடிப்பொருள். திரை சொல்வதும் பணியாளர் அறிந்ததும் ஒத்துப்போவதைத்தான் இந்தப் பொத்தான் குறிக்கிறது.

———

அம்மா, பொத்தானில் பேசுவது பணியாளர். அங்கே தன்மை வினைமுற்று இயல்புதான். பதிவேட்டில் 'கண்ட நேரம்' என்று பெயரெச்சமாக்கலாம். அனுமன் 'கண்டனென்' என்று வினையை முன்னால் வைத்தது, கேட்பவரின் தவிப்பு முதல் சொல்லிலேயே தணியட்டும் என்றுதான்.

———

அனுமன் கொண்டுவந்தது நற்செய்தி. இங்கே சிவப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, யாருடைய தவிப்பும் தணியக் கூடாது! இரவுப் பணியில் கண் சொக்கும்போது படிக்கிற சொல் இது. 'பார்த்தேன்' போதும்.

———

பார்த்தேன் என்பதற்கே நான்கு பேர் ஆதரவு. பொத்தானில் 'பார்த்தேன்', பதிவேட்டில் 'பார்த்த நேரம்', செயற்கைக்கோளுக்கு 'ஏற்பு', 'நிறைவேற்றம்' என்று மாற்றி இன்று கோப்பை அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

———

எனக்கு உடன்பாடில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பார்ப்பது கண்ணின் வேலை. காண்பதில் அறிதலும் சேரும். 'ஒப்புகை' இல்லையென்றால் 'கண்டேன்' ஆவது இருந்திருக்கலாம். அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.