கதிர்காமப் பாதயாத்திரை: முதல்முறை நடப்பவரின் பையை எப்படிக் குறைப்பது?

தம்பலகாமத்தார்:

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் புறப்பட்ட அடியார்கள் திருகோணமலைக்கு வந்து சேரும்போது அவர்களின் பை சுருங்கி முதுகோடு ஒட்டியிருக்கும். இங்கிருந்து புதிதாகச் சேருகிறவர்களின் பை தலைக்கு மேலே நிற்கும். மூதூர் தாண்டுமுன்னே அந்த வித்தியாசம் தோளிலும் உள்ளங்காலிலும் தெரியத் தொடங்கிவிடும்.

இங்கிருந்து கதிர்காமம் 300 கிலோமீற்றருக்கு மேல். சாமான் கணக்கில் பார்த்தால் அது இரண்டு நடை. கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று போகும்வரை ஊர்மனை உண்டு. கோயில் மடத்தில் படுக்கலாம், அன்னதானம் கிடைக்கும், கேட்டால் எந்த வீட்டிலும் தண்ணீர் தருவார்கள். பாணமைக்கு அப்பால் ஊர் இல்லை, உகந்தை முருகன் கோயிலைத் தாண்டினால் குமண, யால காடு. அங்கே ஐந்தாறு நாளுக்குக் கடை கிடையாது. புதியவர்கள் காட்டை நினைத்துக்கொண்டு வீட்டிலேயே பையைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு அந்தக் காட்டுச் சாமானை 200 கிலோமீற்றருக்கு மேல் தார் வீதியில் வீணாகக் காவுகிறார்கள். அவல், கடலை, நெருப்புப்பெட்டி, இரண்டாவது தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் பொத்துவிலில் வாங்குங்கள். பாணமையில் இருப்பவை சிறிய கடைகள், அவற்றை நம்பிப் போக வேண்டாம்.

60 கிலோ உடம்புள்ள ஒருவருக்கு, தண்ணீரும் சாப்பாடும் சேர்க்காமல் பை 4.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். வீதியில் 1.5 லீற்றர் தண்ணீரோடு 6 கிலோ வரும். காட்டின் முதல் நாள் 3 லீற்றர் தண்ணீரும் 3 கிலோ உலர் உணவும் ஏறினால் 10.5 கிலோ. அந்தப் பாரம் நாளுக்கு நாள் இறங்கும். 50 கிலோ உடம்புள்ளவர் வெறும் பையை 4 கிலோவுக்குள் கொண்டுவரப் பாருங்கள்.

மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை எடுத்து ஒவ்வொரு சாமானையும் தனித்தனியே நிறுத்துத் தாளில் எழுதுங்கள். மொத்தமாக நிறுத்தால் எது கனம் என்று பிடிபடாது. பெரும்பாலும் நான்கு சாமானில்தான் கனம் ஒளிந்திருக்கும். தடித்த குளியல் துவாய் 500 கிராம், மெல்லிய துவாய் 150. ஒரு லீற்றர் சில்வர் போத்தல் வெறுமையாகவே 400 கிராம், 1.5 லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் 40 கிராமும் வராது. 20,000 எம்ஏஎச் பவர் பாங்க் 400 கிராம், 10,000 அதில் பாதி. மடங்களில் சார்ஜ் போடலாம், காட்டில் போனை ஃபிளைட் மோடில் வைத்தால் சிறியதே போதும். ஜீன்ஸ் 700 கிராம், அது வேண்டவே வேண்டாம். இந்த நான்கிலேயே ஒன்றரைக் கிலோ குறைந்துவிடும்.

பையைக் கடைசியாக வாங்குங்கள். சாமானை ஒதுக்கி முடித்தபிறகு 35 முதல் 40 லீற்றர் பை போதும் என்று உங்களுக்கே தெரியும். 65 லீற்றர் பை வெறுமையாகவே 2 கிலோ வரை இருக்கும், இடம் இருக்கிறதே என்று அதை நிரப்பவும் செய்வீர்கள். சாதாரணப் பள்ளிக்கூடப் பையும் தாங்கும், ஆனால் தோள்பட்டி பையோடு சேரும் மேல்தையல்தான் முதலில் விடும். புறப்படுமுன் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அந்த இடத்தை நைலோன் நூலால் இரட்டைத் தையல் போடுங்கள். வழியில் பிய்ந்தால் தைக்க ஒரு தடித்த ஊசியும் இரண்டு முழம் தங்கூசியும் (தூண்டில் நைலோன் நூல்) போதும். உள்ளே ஒரு பெரிய பொலித்தீன் பையை விரித்து அதற்குள் சாமான்களை வையுங்கள், வெளியே உறை தேவைப்படாது.

நிலாவெளி அக்கா:

உடுப்பு இரண்டே சோடி. ஒன்று உடம்பில், ஒன்று பையில். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற அடிக்கு மெல்லிய துணி ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதனால் மூன்றாவது சோடிக்கு வேலையே இல்லை. பருத்திச் சேலை அரைக்கிலோ அளவில் வரும், வியர்வையில் நனைந்தால் இன்னும் கனக்கும். நடக்கும்போது மெல்லிய சல்வார், கோயிலடியில் கட்ட ஒரே ஒரு லேசான சேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்பாவாடை நாடா முடிச்சின் மேல் பையின் இடுப்புப் பட்டி இறுகினால் இரண்டு நாளில் தோல் உரிந்துவிடும். முடிச்சைப் பக்கவாட்டுக்குத் தள்ளிக் கட்டுங்கள், அல்லது தட்டையான எலாஸ்டிக் போட்டதை உடுங்கள்.

குளிக்க ஒரு சீத்தைத் துண்டு அவசியம். அதுவே வெயிலுக்குத் தலைமூடி, இரவில் போர்வை, உடுப்பு மாற்ற மறைப்பு. நாப்கினை ஊரிலேயே கணக்குப் பார்த்து வாங்குங்கள். காட்டுக்குள் எறியக்கூடாது, பயன்படுத்தியதைக் கட்டிக் கொண்டுவர இறுக்கி மூடக்கூடிய ஒரு தனிப் பொலித்தீன் பை வேண்டும். மாதவிடாய் நாள் காட்டுக்குள் வருமென்று தெரிந்தால் இதை மறக்கவே கூடாது.

தொடை உரசலைப் பற்றி வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. பாதியில் பஸ் ஏறுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு அதுதான் காரணம். முழங்கால்வரை இறுகிப் பிடிக்கும் அரைக்காற்சட்டை உள்ளே போடுங்கள். விடியக்காலை புறப்படுமுன்னே வசிலின் பூசுங்கள், எரியத் தொடங்கிய பிறகு பூசிப் பெரிய பயன் இல்லை. வேட்டி கட்டும் ஆண்களுக்கும் இதேதான்.

மூதூர்க் கரை:

கால் பற்றி நான் சொல்கிறேன். நேர்த்தி வைத்து வெறுங்காலோடு நடப்பவர்களை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் பாதம் பழகுவதற்கு ஆறு கிழமையாவது வேண்டும். கடற்கரை மணலில் நடந்தால் பாதம் உரமேறாது, கிறவல் றோட்டில் நடக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலில் போகவே கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் முள் ஏறியதும் தெரியாது, சுட்டதும் தெரியாது, புண் பெருத்த பிறகுதான் தெரியும்.

மற்றவர்களுக்குப் பின்வார் உள்ள சான்டில்தான் என் தெரிவு. பாணமை தாண்டினால் மணல், சான்டிலில் அது வந்தபடியே வெளியே போய்விடும். சப்பாத்துத்தான் வேண்டும் என்றால் ஒரு அளவு கூடியதை, பின்னேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் நீண்ட தூரம் நடந்தால் பாதம் வீங்கும், காலையில் சரியாக இருந்த சப்பாத்து பத்து மணிக்கு விரலை நெரிக்கும். தண்ணீர் புகாத மலையேற்றச் சப்பாத்து இந்தப் பாதைக்கு ஒத்துவராது. வியர்வையை உள்ளேயே அடைத்துவைக்கும், ஒருமுறை நனைந்தால் இலேசில் காயாது.

தோலில் ஓரிடம் சூடாகக் குறுகுறுத்தால் அப்போதே நின்று துடைத்துக் காயவிட்டு அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டுங்கள். அந்த நிறுத்தம் ஐந்து நிமிடம், விட்டுவிட்டால் மாலைக்குள் கொப்புளம். சிறிய கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பெரிதாகி இறுகி வலித்தால், கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் விட்டு, அயடின் பூசி மூடுங்கள்.

நடை நேரம் விடிய 4 மணியிலிருந்து 9, 9.30 வரை, பிறகு பின்னேரம் 3.30-க்குப் பின். இருட்டில் பிரதான வீதியில் வாகனங்கள் வேகமாக வரும். பையின் பின்புறம் வெளிச்சத்தில் மின்னும் பட்டி ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை பத்துக் கிராம்கூட வராது, இதை மட்டும் யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சாம்பல்தீவு:

மலையகத்தில் பீக்கோ பாதை நடக்கிறவர்களுக்கான பட்டியல் ஒன்று கிடைத்தது. டென்ட், சிலீப்பிங் பாக், குளிர் ஜக்கெற், அட்டை கடிக்காமல் போடும் மேஸ் (காலுறை) எல்லாம் போட்டிருக்கிறது. இதில் எதை எடுக்கலாம்?

தம்பலகாமத்தார்:

ஒன்றும் வேண்டாம் தம்பி. அது கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற 22 பகுதிப் பாதை. தேயிலைத் தோட்டம், மழை, குளிர், அட்டை எல்லாம் உள்ள இடம். இங்கே ஆடி இரவில் குளிர் எடுப்பதே அபூர்வம். அந்தப் பட்டியலை வைத்துக் கட்டினால் மூன்று கிலோ சும்மா ஏறும். ஒருவருக்குரிய நுளம்பு வலை 400 கிராம், அதைக் கட்ட ஐந்து மீற்றர் மெல்லிய கயிறு, கீழே விரிக்க மூன்று நான்கு பேருக்குப் பொதுவாக ஒரு தறப்பாள். படுக்கை அவ்வளவுதான்.

மூதூர்க் கரை:

காட்டுச் சாப்பாட்டுக்கு என் கணக்கு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு: அவல் 250 கிராம், வறுத்த நிலக்கடலை 150, பனங்கட்டி 100, பேரீச்சம்பழம் 50, புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) 50. மொத்தம் 600 கிராம், சுமார் 2,400 கலோரி. அவல் பச்சைத் தண்ணீரில் ஊறிவிடும், அடுப்பு வேண்டாம். காய்ந்த காட்டில் நெருப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. சமைத்தே ஆகவேண்டும் என்ற குழு நான்கைந்து பேருக்கு ஒரு அலுமினியப் பானை எடுத்து, நாளுக்கு ஒருவராக மாற்றிக் காவுங்கள்.

குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று தங்குமிடங்கள் பெரும்பாலும் தண்ணீரை ஒட்டித்தான். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் முதலில் வரும் கலங்கலை இறைத்து ஊற்றிவிட்டுத் தெளிந்ததை எடுங்கள். நான்காக மடித்த துணியால் வடித்த பிறகே குளோரின் குளிசை போட வேண்டும், கலங்கிய தண்ணீரில் குளோரினின் வேலை குறையும். போட்டு அரை மணி நேரம் பொறுங்கள். எத்தனை லீற்றருக்கு ஒரு குளிசை என்பது உறையில் இருக்கும், கண்ணளவில் போட வேண்டாம்.

ஜீவனி (உடலில் நீர் வற்றாமல் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) ஒரு பைக்கற்றை முழுதாக ஒரு லீற்றரில் கரைக்க வேண்டும். 1.5 லீற்றர் போத்தலில் ஒரு லீற்றர் மட்டத்தைப் பேனையால் வீட்டிலேயே கோடு போட்டுக்கொள்ளுங்கள். அரை லீற்றரில் கரைத்தால் உப்பு கடுமையாகித் தாகத்தைக் கூட்டும். காட்டுக்கு ஒருவருக்கு ஆறு பைக்கற் போதும்.

நிலாவெளி அக்கா:

எல்லாம் கட்டியபிறகும் கூடிப்போனதாகத் தெரிந்தால்?

தம்பலகாமத்தார்:

முதலில் இரண்டு சனி ஞாயிறில் முழுப் பாரத்தோடு திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குப் போய்த் திரும்புங்கள் அக்கா, போகவர 30 கிலோமீற்றர் அளவில் வரும். இரண்டாவது சோதனை வெருகல். அங்கே முருகன் கோயிலில் தங்கும் இரவில் பையைக் கொட்டிப் பாருங்கள். அதுவரை தொடாத சாமானை ஒரு பையில் கட்டி, விடிய ஊர்ப்பக்கம் வரும் பஸ்ஸில் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். நுளம்பு வலை, ரோர்ச், பிளாஸ்டர், ஜீவனி, வழமையான மருந்து, அடையாள அட்டை ஆகிய ஆறையும் மட்டும், தொடவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்ப வேண்டாம்.