தாமிரபரணிக் குளியல்: எங்கே, எப்போது, யாரைக் கேட்டு

தாமிரபரணியில் எங்கே குளிக்கலாம் என்று கேட்டால் பாபநாசத்தையும் அகத்தியர் அருவியையும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். என்னைக் கேட்டால் திருப்புடைமருதூரைச் சொல்வேன். கடனாநதி வந்து தாமிரபரணியில் சேரும் இடம். நாறும்பூநாதர் கோயில், மருத மரங்கள், அவற்றில் கூடு கட்டும் கொக்குகள். 2005-லேயே அரசு இதைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்துவிட்டது. ஊர்க்காரர்கள் அதற்கும் முன்பிருந்தே பறவைகளைக் காத்து வருகிறார்கள்.

பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடல் சேரும்வரை இந்த ஆறு ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான். ஆனாலும் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைப்பதால் வற்றாமல் ஓடுகிறது. வெளியூர்க்காரர்கள் ஏமாறுவதும் இதில்தான். ஆனி, ஆடியில் கீழே வெயில் கொளுத்தும், மேலே மலையில் மழை கொட்டும். அதோடு காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு என்று அணைகள் இருக்கின்றன. காலையில் முழங்கால் அளவு ஓடிய தண்ணீர், மேலே திறந்துவிட்டால் மதியம் இடுப்புக்கு வந்துவிடும்.

ஒருமுறை சென்னையிலிருந்து வந்த அத்தை மகன் குடும்பத்தோடு குளித்துக்கொண்டிருந்தோம். மாடு குளிப்பாட்ட வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, அந்தப் பாறைக்கு அங்கன கசம் கெடக்கு. பிள்ளையள இங்கனயே நிப்பாட்டு" என்றார். கசம் என்றால் ஆற்றுக்குள் இருக்கும் ஆழமான மடு. மேலோட்டமாகப் பார்த்தால் தண்ணீர் அமைதியாகத்தான் இருந்தது. அவர் ஒரு குச்சியை எடுத்து வீசினார். அது பாறையைத் தாண்டியதும் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போய்விட்டது. பிள்ளைகள் அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தன. "மேல தெறந்துட்டாங்க, ஏறுங்க" என்று அவரே கரையேற்றிவிட்டார். நாங்கள் துணி துவைத்த படிக்கட்டு கண்ணெதிரே மூழ்கியது. அன்றிலிருந்து எந்தத் துறைக்குப் போனாலும் முதலில் அங்கே துவைக்கிறவர்களையும் மாடு குளிப்பாட்டுகிறவர்களையும் கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன். எந்த இடத்தில் மணல் சரியும், எது பாசி பிடித்த பாறை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

பாபநாசம் படித்துறை பற்றி ஒரு வருத்தம். பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள், அடுத்த வாரமே மறுபடி சேர்ந்துவிடுகிறது. தண்ணீருக்குள் ஒரு சேலை என் இரண்டு காலையும் சுற்றிக்கொண்டபோதுதான் எவ்வளவு ஆபத்து என்று புரிந்தது. நீச்சல் தெரிந்தும் காலை உதற முடியவில்லை, பக்கத்தில் நின்றவர் கைகொடுத்து இழுத்தார். தயவுசெய்து துணியைக் கரையில் வையுங்கள். குடிநீருக்கும் இதே ஆறுதான்.

நெல்லை நகரத்துக்குள் குளிக்க ஆசைப்படுகிறவர்கள் குறுக்குத்துறைக்குப் போகலாம். ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் முருகன் கோயில். வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ஆற்றுக் கோயிலே மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் அங்கே இறங்கத் தோன்றாது.

குடும்பத்தோடு வருவதானால் தை கடைசியிலோ மாசியிலோ வாருங்கள். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருக்கும், காலடியில் கூழாங்கல் தெரியும், கரையில் பிசானப் பருவ நெல் அறுப்புக்கு நிற்கும். அப்போதும் அணையில் திறப்பு உண்டா என்று ஊரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.