'தி மாண்ட்ரேக் ப்ராஜெக்ட்' கேட்ட அன்று உங்களுக்கு என்ன நடந்தது?

ஏழாவது மகன்

அயர்ன் மெய்டன் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சனின் இந்தத் தனி ஆல்பம் தேறுமா தேறாதா என்று இந்தக் குழுவில் நாம் வேண்டிய அளவு சண்டை போட்டாகிவிட்டது. நான் அதற்காக எழுதவில்லை. ஒரு காலைப்பொழுது மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சு முடிந்து அப்போது ஒன்றரை வருடம். மார்கழி முழுக்கக் கோயிலில் திருவெம்பாவை பாடிய மனிதர். சிகிச்சைக்குப் பிறகு பாடவே இல்லை. விட்டுவிட்டேன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு மிடறு.

நான் கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஆல்பத்தை ஓடவிட்டிருந்தேன். எட்டாவது பாட்டு, 'ஃபேஸ் இன் தி மிரர்'. ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கி, குரல் கிட்டத்தட்டத் தனியாக நிற்கும் இடம். ஆங்கிலப் பாட்டு என்றாலே அப்பாவுக்கு இரைச்சல். அன்றைக்குச் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இவருக்கும் தொண்டையில் ஏதோ நடந்திருக்கிறது" என்றார்.

டிக்கின்சனுக்கு 2014 கடைசியில் நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய்க் கட்டி கண்டுபிடித்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அப்பாவுக்கு யார் சொன்னது? கேட்டேன். "வரியை முடிக்கிற இடத்தைக் கவனி. எச்சில் விழுங்க இடம் வைத்துக்கொண்டு முடிக்கிறார்" என்றார். நான் இருபத்தைந்து வருடமாக இந்தக் குரலைக் கேட்கிறேன். எனக்கு அது கேட்டதே இல்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பாலஸ் மைதானம் 2007

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், என்னுடையது மகிழ்ச்சியான அனுபவம் இல்லை.

2007 மார்ச் 17, பெங்களூர். இந்தியாவில் மெய்டனின் முதல் கச்சேரி. சென்னையிலிருந்து நான்கு பேர், முன்பதிவு இல்லாத பெட்டியில், இரவு முழுக்க நின்றுகொண்டே போனோம். 'ஃபியர் ஆஃப் தி டார்க்' தொடங்கியதும் கிட்டார் மெட்டையே கூட்டம் வாயால் பாடியது. அத்தனை தொண்டைகளுக்கும் மேலே ஏறி வந்தது டிக்கின்சன் குரல். முன்னால் நின்றவன் குதித்ததில் என் மூக்குக் கண்ணாடியின் ஒரு காது வளைந்துவிட்டது. வளைந்த கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் மீதியைப் பார்த்தேன். அந்தக் கண்ணாடி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அதே நான்கு பேர் 2024இல் மொட்டை மாடியில் பாய் விரித்து இந்த ஆல்பத்தைக் கேட்டோம். அவருடைய முந்தைய தனி ஆல்பம் 'டிரனி ஆஃப் சோல்ஸ்' வந்தது 2005இல். பத்தொன்பது வருடம் காத்திருந்தோம்! ஆறாவது பாட்டு தொடங்கியதும் ஒருவன் "இது மெய்டனின் 'தி புக் ஆஃப் சோல்ஸ்' ஆல்பத்தில் வந்த முதல் பாட்டுதானே" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டான். அதோடு அந்த இரவு முடிந்தது. அதன்பின் நாங்கள் நான்கு பேரும் எதையும் சேர்ந்து கேட்கவில்லை.

ஏழாவது மகன் என்னை மன்னிக்க வேண்டும். நோயிலிருந்து மீண்டவர் என்பதற்காகப் பாட்டுக்கு மதிப்பெண் கூட்டிப் போட என்னால் முடியாது. பத்துப் பாட்டில் ஒன்று பழையது. டிரம்ஸ் ஒலியில் கனம் இல்லை. மேல் ஸ்தாயியில் 2007இல் கேட்ட வெட்டு இப்போது இல்லை.

கேசட் காலத்தவன்

பாலஸ் மைதானம் சொல்வது தலைகீழ். அந்தப் பாட்டு டிக்கின்சனுடையது. தனி ஆல்பத்துக்கென்று எழுதி வைத்திருந்ததை மெய்டனின் பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸுக்குப் பிடித்துப்போய் மெய்டனுக்கு எடுத்துக்கொண்டார்கள், 2015 ஆல்பத்தின் வாசலிலேயே வைத்தார்கள். இரவல் போன பொருள் வீடு திரும்பியிருக்கிறது. இதைத் திருட்டு மாதிரிப் பேசுவது நியாயமா?

என் அனுபவம் சின்னது. 'புக் ஆஃப் சோல்ஸ்' வந்த வாரம், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் பாட்டின் கடைசியில் ஒரு கனத்த குரல் தன்னை நெக்ரோபோலிஸ் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு பேசுகிறதே, அதைக் கேட்டு எழுந்து விளக்கைப் போட்டேன். யார் இந்த ஆள்? மெய்டனின் எந்தக் கதையிலும் இல்லாதவர். அந்த ஆல்பத்தின் மற்றப் பாட்டுகளிலும் தேடினேன், கிடைக்கவில்லை. ஒன்பது வருடம் கழித்து, இந்த ஆல்பத்தோடு வந்த காமிக்ஸில் டாக்டர் நெக்ரோபோலிஸ் வந்து நிற்கிறார். பக்கத்தைப் புரட்டாமல் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக இருந்தேன், சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

மேல் ஸ்தாயியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பாட்டின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். 'புக் ஆஃப் சோல்ஸ்' பாரிஸில் பதிவானது 2014இல், கட்டி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன். அதாவது நோய் உள்ளே இருக்கும்போது பாடியது அது. நோய் போன பின் வந்தது இது. பழையதில் குரல் மேலே மேலே தள்ளுகிறது. புதியதில் குழல் ஒலி ஓய்ந்ததும் குரல் கீழே கால் ஊன்றி நிற்கிறது. எனக்குப் புதியதுதான் பாட்டு.

கதிர்ப்பிரிவு

நான் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பிரிவில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். தலை, கழுத்துச் சிகிச்சைக்கு வருபவர்களுக்கு முகத்தின் மேல் வலை போன்ற பிளாஸ்டிக் உறை செய்வோம். வெந்நீரில் இளக்கி, முகத்தின் மேல் இழுத்து, அந்த முகத்தின் வடிவிலேயே இறுகவிடுவோம். சிகிச்சையின்போது அதை மேசையோடு சேர்த்துப் பூட்டுவோம், தலை அசையக் கூடாது. சிலருக்குப் பாட்டு வைப்பதுண்டு. ஒரு இளைஞர் இந்த ஆல்பத்தைத்தான் கேட்பார். கடைசி நாள், முதல் பாட்டு பாதியில் இருக்கும்போதே இயந்திரம் நின்றுவிட்டது. உறைக்குள்ளிருந்து கையை உயர்த்தி, பாட்டு முடியட்டும் என்று சைகை செய்தார். வெளியே அடுத்தவர் காத்திருந்தார். நான் பூட்டைக் கழற்றிவிட்டேன். இரண்டு நிமிடம் பொறுத்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஏழாவது மகன், அப்பாவைப் பற்றி எழுதியதால் சொல்கிறேன். எச்சில் சுரப்பிகள் கதிர்வீச்சில் அடிபட்டால் தேறி வர மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. செம்புத் தண்ணீர் நல்ல பழக்கம், விடவேண்டாம். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் உப்பும் சமையல் சோடாவும் கலந்து ஒரு நாளைக்குப் பலமுறை வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்து மூடும் பயிற்சியைத் தினமும் செய்கிறாரா என்று பாருங்கள், சிகிச்சை முடிந்து வெகுநாள் கழித்தும் தாடை இறுகிப்போகலாம். விழுங்கும் பயிற்சியும் அப்படித்தான், சாப்பிட முடிகிறதே என்று நிறுத்திவிடுகிறார்கள். பல்லை மறக்காதீர்கள்: எச்சில் இல்லாத வாயில் சொத்தை வேகமாகப் பரவும், ஃப்ளோரைடு பற்றிப் பல் மருத்துவரிடம் கேளுங்கள். பல் பிடுங்க வேண்டி வந்தால், கதிர்வீச்சு எடுத்ததை முதலில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் பிடுங்கித் தாடை எலும்பு ஆறாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வெற்றிலை, பாக்கு, புகையிலை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. பாடுவதைப் பற்றி: பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரிடம் அழைத்துப் போங்கள். தானாக முயன்று வலித்தால் பயந்து நிறுத்திவிடுவார்கள், உங்கள் அப்பா நிறுத்தியதும் அப்படித்தானோ என்னவோ.

இன்னொன்று, எல்லாருக்கும். டிக்கின்சன் தமக்கு வந்தது எச்.பி.வி. வைரஸால் என்று வெளிப்படையாகவே பேசினார். அந்தத் தடுப்பூசி பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு. 33 முறை கதிர்வீச்சும், கூடவே கீமோவும் வாங்கிக்கொண்டு மறுபடி மேடையேறிய குரலைப் பற்றிப் பேசும்போது டிரம்ஸில் கனம் இல்லை என்று குறைப்பட எனக்கு மனம் வரவில்லை.

மழைக்கோட்டு

இங்கிலாந்தில் இருக்கிறேன். இந்த ஆல்பத்தின் 'ரெயின் ஆன் தி கிரேவ்ஸ்' கிராஸ்மியரில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கல்லறை முன்னால் மழையில் நின்றபோது தோன்றிய பாட்டு என்று டிக்கின்சன் சொன்னதைப் படித்துவிட்டு அங்கே போனேன். பெரிய நினைவுச் சின்னம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தேவாலய முற்றத்தில், குடும்பத்தாரின் கற்களோடு வரிசையில் ஒரு சாதாரணப் பலகைக்கல். மழை இல்லை, தூறல்தான். பாட்டைப் போட ஹெட்ஃபோனை எடுத்தேன். பக்கத்தில் ஒரு மூதாட்டி குனிந்து கல்லின் மேலிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பாட்டைப் போடவில்லை, ஹெட்ஃபோனை மடித்து வைத்துவிட்டேன்.

2024 மே மாதம் லண்டன் கென்டிஷ் டவுனில் இந்த ஆல்பத்துக்கான கச்சேரிக்கும் போயிருந்தேன். அந்தப் பாட்டு வந்தது. அவர் தெரமின் கருவியின் முன்னால் நின்று, தொடாமலே கையசைத்து ஒலி எழுப்பியதும் நினைவிருக்கிறது. ஆனால் கேட்டால் நான் சொல்வது அந்த இலைகளைத்தான்.

பாலஸ் மைதானம், குரல் குறைந்திருக்கிறது, உண்மை. அரங்கில் அது தெரிந்தது. அவருடைய பழைய பாட்டு 'டியர்ஸ் ஆஃப் தி டிராகன்' வந்தபோது அங்கே யாரும் அதைக் கணக்குப் பார்க்கவில்லை.

பாலஸ் மைதானம் 2007

கதிர்ப்பிரிவு அவர்களுக்கு: டிரம்ஸைப் பற்றி நான் சொன்னதில் நோயாளிகளுக்கு அவமரியாதை ஏதும் இல்லை. டிக்கின்சன் தம்மை நோயாளியாகக் கருதி இதை வெளியிடவில்லை. பாடகராக வெளியிட்டார், பாடகராகத்தான் கேட்கிறேன். என் மரியாதை அதில்தான் இருக்கிறது.

கேசட் காலத்தவனுக்கு: இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். பழையதுதான் எனக்கு. ஆனால் 2014இல் அந்த மேல் ஸ்தாயி எதைத் தாண்டி வந்தது என்று இப்போது தெரிந்துகொண்டு கேட்பது சுலபமாக இல்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஏழாவது மகன்

கதிர்ப்பிரிவு சகோதரிக்கு நன்றி. பல் விஷயம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த வாரமே அழைத்துப் போகிறேன்.

முதலில் எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். 33 என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் விட்டது தவறு என்று தோன்றியது. அன்றைக்கு நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, டிக்கின்சனுக்கு வந்த நோயைப் பற்றிச் சொன்னேன். அப்பா முதலில் கேட்டது, "எத்தனை கரண்டு வைத்தார்கள்?" முப்பத்து மூன்று என்றேன்.

"எனக்கு முப்பத்தைந்து" என்றார்.

பிறகு ஒரு மிடறு குடித்துவிட்டு, அந்தப் பாட்டை மறுபடி போடு என்றார். எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. சாயங்காலம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சாயங்காலம் அவர் கேட்கவில்லை. நானும் போடவில்லை.